முகத்துக்குப் பத்து நிமிடம்



சென்ற இதழில் குளிர்காலத்துக் கைவெடிப்புப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி ரெலிபோன் எடுத்தார். கைக்குப் பூசுவதைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தோம். சுற்றி வளைத்து ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு முப்பத்தாறு வயது. பவுடரும் பொட்டும் தவிர முகத்தில ஒண்டும் வைச்சதில்லை. இப்ப கண்ணுக்குக் கொஞ்சம் மை, சொண்டுக்குக் கொஞ்சம் சாயம் போட்டுப் பழகலாம் எண்டு ஆசையாக் கிடக்கு. ஆரும் சிரிப்பினமோ?" என்றார். ஏதோ களவுக்கு வழி கேட்பது போல அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள கேள்வி அல்ல. எனவே இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம். நாங்கள் அழகுக்கலை படித்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்தையே பாதியில் விட்டு, ஜேர்மனியில் உணவுப் பக்ரறி ஒன்றில் பொதி செய்யும் பகுதியில் நிற்கிறவர்கள். வாசித்தும், கேட்டும், பூசிப் பார்த்தும் அறிந்ததைத்தான் எழுதுகிறோம்.

எங்கள் வயதுப் பெண்களுக்கு இந்த ஆசை ஏன் இவ்வளவு பிந்தி வருகிறது? ஊரில் இது பதினாறு, பதினேழு வயதில் அக்காமாரிடமும் மச்சாள்மாரிடமும் பார்த்துப் படிக்கிற காரியம். எங்களிற் பலருக்கு அந்த வயது வந்தபோது வன்னியில் 2006க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலம். முகம் பார்க்கிற கண்ணாடி வீட்டோடு போயிற்று. பிறகு முகாம். அங்கே முகம் கழுவும் தண்ணீருக்கே வரிசை. பிறகு பயணம், விசாக் கதை, பிள்ளைப்பேறு, சிப்ற் வேலை. ஒருநாள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போய் இருந்தால், படத்தில் இருக்கிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதாகிவிட்டது. இருபதில் படிக்கவேண்டியதை முப்பத்தைந்தில் படிக்கிறோம், அவ்வளவுதான். மொழியையும் அப்படித்தானே படித்தோம்? முப்பது வயதில் பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டியதற்கு எவரும் வெட்கப்படவில்லை.

எங்கள் அம்மாமாரிடம் இருந்தது பவுடர்ப் பேணி ஒன்று, கண்மை, சிரட்டையில் காய்ந்துபோன கறுத்தப்பொட்டு. பொட்டைத் தண்ணீர் விட்டு உரைத்து வைப்பார்கள். மேக்கப் என்ற சொல் கலியாணப் பொம்பிளைக்கும் மேடையில் ஏறுகிறவர்களுக்கும் உரியது. வேலைக்குப் போகிற பெண் காலையில் தன் முகத்துக்கு ஏதாவது செய்வது என்ற பழக்கத்தை நாங்கள் கண்டதில்லை. முதன்முதல் கண்டது பக்ரறியின் உடுப்பு மாற்றும் அறையில்.

உணவுப் பக்ரறியில் வேலை செய்கிறவர்களுக்கு விதிகள் தெரியும். நகப்பூச்சு கூடாது, ஒட்டு இமை கூடாது, தோடு, மோதிரம், சங்கிலி கூடாது. சாப்பாட்டுக்குள் விழக்கூடிய எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. ஒட்டுப்பொட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். எனவே எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், ஊரில் குளியலறைக் கண்ணாடியில் இருக்குமே, அதேபோல வரிசையாகப் பொட்டுகள் ஒட்டியிருக்கும். தலைக்கு வலை, வாய்க்கு மூடி, வெள்ளை மேலங்கி. எட்டு மணித்தியாலம் எல்லோருக்கும் ஒரே முகம். மேற்பார்வையாளர் எங்களை நடையை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கிறார்.

காலைச் சிப்ற் இரண்டு மணிக்கு முடிந்ததும், போலந்துப் பெண்களும் துருக்கிப் பெண்களும் அலுமாரிக் கதவைத் திறந்து ஒரு சின்னப் பையை எடுப்பார்கள். ஐந்து நிமிடம், கூடினால் பத்து நிமிடம். கண்ணுக்கு ஒரு கோடு, இமைமயிருக்கு ஒரு இழுப்பு, சொண்டுக்கு ஒரு பூச்சு. பிறகு பேருந்துக்குப் போவார்கள். வீட்டுக்குத்தான் போகிறார்கள், விழாவுக்கு அல்ல. "ஏன் இப்ப போடுறாய், வீட்டைதானே போறாய்?" என்று எங்களில் ஒருத்தி கேட்டதற்கு, "வேலை முடிஞ்சுதெண்டு எனக்குத் தெரியவேணுமே" என்று போலந்துக்காரி சொன்னாள். எங்களுக்கு அது விளங்கியது.

இனி விஷயத்துக்கு வருவோம். முதலும் முக்கியமும் நிறம்.

ஊரில் பவுடர் பூசுவதன் நோக்கம் ஒன்றுதான், ஒரு பங்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கத்தோடு இங்கே கடைக்குப் போனால் கை தானாக வெளிறிய போத்தலுக்குத்தான் போகும். அதைப் பூசிக்கொண்டு வெளிச்சத்தில் நின்றால் முகம் சாம்பல் பூத்தது போல இருக்கும். காரணம் இருக்கிறது. எங்களில் அநேகரின் தோலுக்குள் மஞ்சளோ செம்மஞ்சளோ ஓடுகிறது. ஐரோப்பியத் தோலுக்கென்று செய்த பூச்சுகளிற் பல இளஞ்சிவப்பை அடியாகக் கொண்டவை. அவற்றை வெளிறச் செய்ய வெள்ளைத் தூளும் சேர்க்கிறார்கள். மண்ணிறத்தின் மேல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் படிந்தால் சாம்பல் நிறம்தான் வரும். பிழை உங்கள் முகத்தில் இல்லை, போத்தலில்.

பவுண்டேசன் வாங்குவதானால் கைமணிக்கட்டில் பூசிப் பார்க்க வேண்டாம். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. நாடிக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட தாடை ஓரத்தில் விரல் நீளத்துக்கு மூன்று நிறங்களைப் பக்கம் பக்கமாகப் பூசுங்கள். கடைக்குள் இருக்கும் மின்வெளிச்சத்தை நம்பாமல் கதவுக்கு வெளியே வந்து பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். உடனே வாங்கவும் வேண்டாம். சில பூச்சுகள் காய்ந்த பிறகு கறுக்கும், பத்து நிமிடம் உலாவிவிட்டுத் திரும்பப் பாருங்கள். முகத்தைவிட நெற்றியும் வாயோரமும் கறுப்பாக இருப்பது எங்களுக்கு வழமை. எனவே கழுத்தோடு பொருந்துவதே கணக்கு.

பொருத்தமான நிறம் கிடைப்பது முன்பு பெரும் பாடாக இருந்தது. பார்படோஸ் தீவில் பிறந்த பாடகி ரிஹானா 2017 செப்ரெம்பரில் 'பென்ரி பியூட்டி' என்ற பெயரில் தன் பொருட்களை வெளியிட்டபோது, பவுண்டேசன் ஒரே தடவையில் 40 நிறங்களில் வந்தது. கடும் நிறப் போத்தல்கள் விற்றுத் தீர்ந்த பிறகுதான், கறுத்த பெண்களும் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் என்பது மற்றக் கொம்பனிகளுக்கு விளங்கியது போலும். அவர்களும் நிற வரிசையைக் கூட்டினார்கள். அந்தப் பொருள் எங்கள் சம்பளத்துக்குக் கொஞ்சம் விலைதான். ஆனால் அதன் பலன் மெல்ல மெல்ல மலிவுத் தட்டுகளுக்கும் வந்திருக்கிறது. சிறு நகரத்துக் கடையில் கடும் நிறங்கள் ஒன்றிரண்டுதான் இருக்கும், பெரிய நகரத்துக்குப் போகும்போது பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் சாமத்தியவீடுகளையும் கலியாணங்களையும் பாருங்கள். மேக்கப் செய்ய ஆள் பிடித்து நூற்றுக்கணக்கான யூரோ கொடுக்கிறோம். பிள்ளையைக் கதிரையில் இருத்தி மூன்று பங்கு வெள்ளையாக்கி எழுப்புகிறார்கள். அல்பத்தைத் திறந்தால் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம், காது இன்னொரு நிறம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு நாங்கள் படிப்பிக்கிற பாடம், 'உன் நிறம் படத்துக்கு உதவாது' என்பது. அதற்கு மண்டபத்தில் எவரும் வாய் திறப்பதில்லை. அதே மண்டபத்தில் பிள்ளையின் தாய் கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடு கீறி வந்தால், "இவவுக்கு இந்த வயதில..." என்று தொடங்கிவிடுகிறார்கள். முன்னையதைத்தான் நாங்கள் பிழை என்போம்.

வெள்ளையாக்கும் கிறீம்கள் இதைவிட மோசம். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. கடைப் பெயர்ப்பலகையில் மாறியது எங்கள் சனத்தின் நாக்கில் இன்னும் மாறவில்லை. பெயர் தெரிந்தவற்றைவிட, எங்கிருந்தோ பொதிக்குள் வந்து மேசைக்குக் கீழே விற்கப்படும் பேணிகள்தான் ஆபத்தானவை. சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் பழுதாக்கும். பூசுகிறவரோடு நில்லாமல், அவர் தூக்கி வைத்திருக்கும் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாற்றா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை முற்றாக நிறுத்துவதென 2023இல் முடிவு செய்தன. அப்படியிருந்தும் களவாக வருவது நிற்கவில்லை. வேறு சிலவற்றில் ஹைட்றோகுயினோன் இருக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைத் தோல் வெளுக்கும் கிறீமில் சேர்ப்பது தடை. இன்னும் சிலவற்றில் வைத்தியர் எழுதித் தரவேண்டிய கடும் ஸ்ரீறொயிட் மருந்து. முதல் மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரிந்து கொப்பளிக்கும். தங்கச்சிமாரே, இதை மட்டும் கேளுங்கள். ஐரோப்பாவில் சட்டப்படி விற்கும் எந்தப் பேணியிலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொறுப்பானவரின் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது எவ்வளவு நல்ல ஆள் தந்த பேணியானாலும் வேண்டாம்.

கண்மையிலும் இதே கவனம் வேண்டும். சுர்மா என்று வரும் கறுத்த தூள்களிற் சிலவற்றில் ஈயம் இருக்கிறது. ஊரில் இருந்து வந்தது என்ற பாசத்தில் குழந்தையின் கண்ணுக்குத் தீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இங்குள்ள கடைப் பென்சில் மூன்று யூரோவுக்குள் கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

சரி, தொடக்கக்காரருக்கு என்ன தேவை? பையை நிரப்ப வேண்டாம். சன்கிறீம், கண்பென்சில், சொண்டுச்சாயம், கண்ணுக்குக் கீழுள்ள கருமைக்குக் கொன்சீலர். நான்கே நான்கு. பவுண்டேசன் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாளாந்தத்துக்கு அது கட்டாயமில்லை. ஜேர்மனியில் 'டிஎம்', 'றொஸ்மன்' போன்ற கடைகளின் சாதாரண விலைப் பொருட்களில் இந்த நான்கையும் இருபது யூரோவுக்குள் வாங்கலாம். 2025இல் இங்கே குறைந்தபட்ச மணிச்சம்பளம் 12 யூரோ 82 சதமாக இருந்தது. வரி கழிக்காமல் பார்த்தால் இரண்டு மணித்தியால வேலைக்குள் அடங்கும், பல மாதங்களுக்குக் காணும். விலை கூடினதுதான் நல்லது என்றும் இல்லை. 1964இல் தொடங்கிய 'ஸ்ரிப்ருங் வாறன்ரெஸ்ற்' என்ற பரிசோதனை நிறுவனத்தின் சஞ்சிகையை நகர நூலகங்களில் பார்க்கலாம். மலிவுக் கிறீம் விலையுயர்ந்த கிறீமை முந்தியதை அவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள்.

கறுத்தத் தோலுக்குச் சன்கிறீம் எதற்கு என்று கேட்பீர்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு கன்னத்தில் வருகிற மங்கு வெயில் பட்டால் கடுமையாகும். அதைத் தடுக்கவே. வெள்ளையாகப் படியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இரவுச் சிப்ற் செய்கிறவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே கருமை என்பது சம்பளத்தோடு வருகிற ஒன்று. வெளிறிய கொன்சீலரை அதன் மேல் அப்பினால் நீலச்சாம்பலாகத் தெரியும். செம்மஞ்சள் சாயல் உள்ளதாக எடுங்கள். நீலத்தைச் செம்மஞ்சள் மறைக்கும். ஒரு பயற்றளவு போதும். விரலின் வெப்பத்தில் ஒற்றி ஒற்றி விடவேண்டும், இழுக்கக்கூடாது. துரியம் கிரியம் வாங்கச் சொல்லுவார்கள், எங்களுக்கு மோதிரவிரலே போதும்.

கண்ணுக்குக் கடும் கறுப்பை விடக் கடும் மண்ணிறப் பென்சில் பழகுவதற்குச் சுகம், கை நடுங்கினாலும் தெரியாது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மேல் இமைமயிரின் அடியோடு சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து, பிறகு புள்ளிகளைச் சேர்த்துவிடுங்கள். ஒரே இழுவையில் கீற முயல வேண்டாம். கீழிமையைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள், எங்கள் ஈரக் கண்ணுக்கு அது மத்தியானத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும்.

சொண்டுக்கு வெளிர் ரோசா எங்களுக்கு அநேகமாக எடுபடாது, வாய் வெளுத்துத் தெரியும். செங்கல் நிறம், மண்ணிறம் கலந்த ரோசா, நாவற்பழ நிறம் பாருங்கள். எங்கள் சொண்டுக்குத் தனி நிறம் உண்டு, எனவே குழாயில் கண்ட நிறம் வாயில் வராது. கடையில் பார்வைக்கு வைத்திருப்பதை வாயில் வைக்கக்கூடாது, எத்தனை பேர் தொட்டதோ. விரல்நுனியில் பூசிப் பாருங்கள், சொண்டின் நிறத்துக்கு விரல்நுனிதான் கிட்ட வரும். முதல் வாரம் விரலால் ஒற்றி மட்டும் போடுங்கள். போட்டது மாதிரியும் இருக்கும், போடாதது மாதிரியும் இருக்கும். வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டலாம்.

வீட்டில் குமர்ப்பிள்ளை இருந்தால் அவளைக் கேளுங்கள். எங்களுக்கு அக்கா மச்சாள் சொல்லித்தராததை, பிள்ளைகள் ரெலிபோனில் பார்த்து விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். "அம்மா, மேல பாருங்கோ, அசையாதேங்கோ" என்று எங்கள் நாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை கோடு கீறுகிற அந்த ஐந்து நிமிடம், அவளோடு சண்டை இல்லாமல் கழிகிற ஐந்து நிமிடமாகவும் இருக்கும்.

அந்த வாசகியின் கேள்விக்கு இனியும் பதில் சொல்லாமல் விடக்கூடாது. சிரிப்பார்களா? சிரிப்பார்கள். பொய் சொல்ல மாட்டோம். எங்களோடு வேலை செய்கிற ஒரு அக்காவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அக்கா பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. எதைச் செய்தாலும் அவருக்கு ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவரும் உடுப்பு மாற்றும் அறையில் கண்ணுக்குக் கோடு கீறிப் பழகினார். ஒருநாள் கோயிலில் ஒரு அம்மா, "இப்ப ஆருக்காக இதெல்லாம்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். அக்கா கோபிக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் கண்ணாடியில இந்த முகத்தைப் பாக்கிறது நான்தானே அம்மா" என்றார். அந்த அம்மா பிறகும் கதைத்துத்தான் திரிந்தார். அக்கா இன்றும் கோடு கீறுகிறார். நன்றாகவே கீறுகிறார், எங்களில் பலரைவிட நேராக.

கணவன்மார் சிலர் முகம் சுழிப்பார்கள் என்றும் தெரியும். தாடிக்கு நிறம் பூசுகிற ஆண்கள் எங்களுக்குள் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வந்து கதைக்கச் சொல்லுங்கள். அதேநேரம், போட விருப்பமில்லாதவர்களை 'பட்டிக்காடு' என்று ஒதுக்குகிற வேலையும் வேண்டாம். வெறும் முகத்தோடு வேலைக்கு வந்து போகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சில்லறை விஷயங்கள் சில. புதிதாக எதையும் முகத்தில் வைப்பதற்கு முன் முழங்கை உள்மடிப்பில் கொஞ்சம் பூசி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பேணியின் அடியில் மூடி திறந்த டப்பாவின் படமும் '6எம்', '12எம்' என்றும் போட்டிருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம்தான் பாவிக்கலாம் என்பது அதன் பொருள். திறந்த திகதியைப் பேனையால் எழுதி வையுங்கள். கண்ணுக்குப் போடுவதைக் கூடப்பிறந்த தங்கச்சியோடும் பங்குபோட வேண்டாம், கண்நோய் தொற்றும். ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் கடியோ வெள்ளைப் புள்ளியோ கண்டால் உடனே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள இரசாயனம் அந்த இடத்து நிறத்தையே எடுத்துவிடும்.

எவ்வளவு களைத்து வந்தாலும் போட்டதைக் கழற்றாமல் படுக்கக்கூடாது. அதற்கென்று விற்கிற தண்ணீர் வாங்க மனமில்லாவிட்டால் பஞ்சில் துளி தேங்காயெண்ணெய் போதும், கண்மை வழுக்கிக்கொண்டு வரும். பிறகு மெல்லிய சவர்க்காரத்தால் எண்ணெயைக் கழுவிவிடுங்கள், பருவுள்ள முகத்தில் எண்ணெய் தங்கினால் கூடும்.

அடுத்த இதழில் தலைமயிர்ச் சாயம் பற்றி எழுத இருக்கிறோம். கறுப்புச் சாயத்தால் தலை கடித்தவர்கள், முகம் வீங்கியவர்கள் இருந்தால், பாவித்த பேணியில் எழுதியிருப்பதைப் பார்த்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போடமாட்டோம்.